கைபேசித் திருடர்களும் நமது கும்பிடு புத்தியும்

முன்காலத்துத் திருடன் கன்னக்கோலோடு வருவான். அமாவாசை இருட்டுப் பார்த்து வருவான். நாய் குரைத்தால் பதுங்குவான். வீட்டுக்காரன் இருமினால் ஓடிப்போவான். இன்றையத் திருடனோ பட்டப்பகலில் வருகிறான். தூங்குகிற வீட்டுக்காரனை அவனே எழுப்பி, பெட்டிச் சாவியை எடுத்து வா என்று உத்தரவு போடுகிறான். வீட்டுக்காரனும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இன்னும் என்ன செய்ய வேண்டும்?" என்று கைகட்டி நிற்கிறான். கைபேசி வழியாகவும் கம்ப்யூட்டர் வழியாகவும் இன்று நம் நாட்டில் நடந்துவரும் கொள்ளையின் லட்சணம் இதுவேயாகும்.

இக்கொள்ளை கொஞ்ச நஞ்சமானதல்ல. 2024ம் வருஷத்தில் மாத்திரம் இந்திய மக்கள் இவ்விதமாக இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்றும், அதற்கு முந்திய 2023ம் வருஷத்தில் இழந்தது 7,465 கோடி ரூபாய் என்றும் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதாவது ஒரே வருஷத்தில் ஏறக்குறைய மூன்று பங்காகப் பெருகியிருக்கிறது. இது புகார் கொடுத்தவர்களின் கணக்குத்தான். மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர்களின் கணக்கு இதில் சேராது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் திருடனுடைய சாமர்த்தியத்தைப் பற்றியே அதிசயப்பட்டுப் பேசுகிறார்கள். "என்னமாய்ச் செய்கிறான் பாருங்கள், எந்திரத்தையே வசியம் பண்ணிவிடுகிறான்" என்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. எந்திரத்தின் பூட்டை உடைக்கிற திருடனும் உண்டு. அவனைப் பற்றியும் பின்னால் சொல்லுவோம். ஆனால் நம் ஊர் மக்கள் பெரும்பாலும் பறிகொடுப்பது அவனிடத்தில் அல்ல. நம் மனதில் வெகுகாலமாகத் திறந்தே கிடக்கும் கதவுகள் சில இருக்கின்றன. பயம் ஒன்று, பேராசை ஒன்று, அதிகாரக் குரலில் எவன் பேசினாலும் "நீ யார்? எதனால் சொல்லுகிறாய்?" என்று கேளாமல் கும்பிடு போடும் புத்தி ஒன்று. திருடன் இந்தக் கதவுகள் வழியாகத்தான் உள்ளே வருகிறான் என்பதே நமது அபிப்பிராயம்.

"டிஜிட்டல் அரெஸ்டு" என்பதை முதலாவதாக எடுத்துக்கொள்ளுவோம். காலை பத்து மணிக்கு ஒரு வயோதிகருக்கு டெலிபோன் வருகிறது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து அகப்பட்டிருக்கிறது" என்றோ, "உங்கள் ஆதார் நம்பரைக் கொண்டு பம்பாயில் ஒரு பேங்குக் கணக்குத் திறந்து கள்ளப்பணம் புரண்டிருக்கிறது" என்றோ ஒருவன் இங்கிலீஷிலோ இந்தியிலோ மிரட்டுகிறான். உடனே வீடியோவுக்கு வரச் சொல்லுகிறான். வந்து பார்த்தால் காக்கி உடுப்பு, முதுகுக்குப் பின்னால் இலாகா முத்திரை, மேஜை மேல் கொடி எல்லாம் கிரமமாக இருக்கின்றன. வாட்சப்பில் ஒரு காகிதம் வருகிறது. அதில் சிங்க முத்திரை இருக்கிறது. "நீர் கைது செய்யப்பட்டிருக்கிறீர், காமிராவை அணைக்கக் கூடாது, பெண்டாட்டி பிள்ளைகளிடத்திலும் மூச்சு விடக் கூடாது, விட்டால் அவர்களுக்கும் ஜெயில்" என்கிறான். ஒருநாள், இரண்டு நாள், சிலருக்கு வாரக்கணக்கிலும் இந்தக் காவல் நடக்கிறது. கடைசியாக, "உம்முடைய பணம் யோக்கியமான பணந்தானா என்று பரிசோதிக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு அனுப்பும், சரியாயிருந்தால் திரும்பி வரும்" என்கிறான். அவரும் ஆயுள் பூராவும் சேர்த்துப் போட்ட டிபாசிட்டை உடைத்து அனுப்பிவிடுகிறார்.

நாம் கேட்கிறோம்: வீடியோவில் ஒருவரைக் கைது செய்ய எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? ஒரு சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27ந் தேதி பிரதம மந்திரியே ரேடியோவில் பேசும்போது அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று சொன்னார். போலீசார் ஆஜராகும்படி கொடுக்கும் நோட்டீசை வாட்சப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இந்த மோசடி எல்லை மீறிப் போனபடியால் அதே கோர்ட்டு 2025 டிசம்பரில் இவ்வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டுமென்றும் உத்தரவு போட்டிருக்கிறது. கைது செய்கிற போலீசார் வாசற்படி ஏறி வருவார்கள், காரணம் சொல்லுவார்கள், உறவினருக்குத் தெரிவிப்பார்கள். "ஒருவரிடத்திலும் சொல்லாதே" என்று எந்தக் காரியத்தில் ஒருவன் சொல்லுகிறானோ அந்தக் காரியம் புரட்டு என்பதற்கு அதைவிட வேறு ருசு வேண்டுமா?

"இதெல்லாம் படிக்காத பாமர மக்களுக்கு நேருகிற ஏமாற்றம்" என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அது சுத்தப் பொய். 2024 ஆகஸ்டு கடைசியில் இவ்விதம் 7 கோடி ரூபாய் பறிகொடுத்தவர் யார்? பஞ்சாப் லூதியானாவில் வர்த்தமான் என்னும் பெரிய பஞ்சாலைக் குழுமத்தின் தலைவரான ஓஸ்வால் அவர்கள். அப்போது அவருக்கு வயது 82. பத்மபூஷண் பட்டம் பெற்றவர். நம் கோயமுத்தூர் ஆலை முதலாளிகளெல்லாம் அறிந்த பெயர். அவருக்குத் திருடர்கள் ஒரு பொய்ச் சுப்ரீம் கோர்ட்டையே வீடியோவில் ஜோடித்துக் காட்டினார்கள். பிரதம நீதிபதி என்று ஒருவனைப் பேசவும் வைத்தார்கள். அவர் பிறகு மறைக்காமல் போலீசுக்குப் போனதால் 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளருக்குக் கூலி கொடுத்தவருக்கே இந்தக் கதியென்றால், படிப்பும் பணமும் பகுத்தறிவு ஆகிவிடாது என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

இந்த மோசடியின் அமைப்பை உற்றுப் பார்த்தால் இது நமக்குப் புதிதே அல்ல என்பது தெரியவரும். "உனக்கு ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, நாற்பத்தெட்டு நாளைக்குள் கண்டம்" என்று ஒருவன் முதலில் பயமுறுத்துகிறான். பயந்தவன் "என்ன செய்யலாம்?" என்று கேட்டவுடன் அவனே பரிகாரமும் சொல்லுகிறான்; பரிகாரத்துக்குக் கூலியும் சொல்லுகிறான்; "வெளியில் சொன்னால் பலிக்காது" என்றும் சொல்லிவிடுகிறான். இல்லாத நோயைச் சொல்லி இல்லாத மருந்தை விற்கிற இதே வியாபாரத்தைத்தான் காக்கிச் சட்டை போட்டவன் வீடியோவில் செய்கிறான். சனிக்குப் பயந்து கேள்வி கேளாமல் பழகிய மனிதன் சி.பி.ஐ. என்ற மூன்றெழுத்துக்கு மாத்திரம் எப்படிக் கேள்வி கேட்கப்போகிறான்?

வேடிக்கை என்னவெனில், நம் கொங்கு நாட்டு மக்கள் எல்லாக் காரியத்திலும் இப்படி ஏமாறுகிறவர்கள் அல்லர். பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு காளை வாங்கப் போகிறவன் விற்கிறவன் பேச்சை நம்பி வாங்குகிறானா? பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். சுழி பார்க்கிற மூடப்பழக்கம் ஒருபுறமிருந்தாலும், நடக்கவிட்டுப் பார்க்கிறான், குளம்பைத் தட்டிப் பார்க்கிறான். ஈரோட்டில் மஞ்சள் வாங்குகிறவன் விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை சொல்லுகிறானா? பருத்தி வாங்குகிறவன் இழையை நீட்டிப் பார்க்காமல் கொள்ளுகிறானா? ஒரு மாட்டுக்குக் காட்டுகிற சந்தேக புத்தியை ஆயுள் சம்பாத்தியத்துக்குக் காட்டாமல் இருப்பதுதான் நமக்கு விளங்கவில்லை. மாட்டுத் தரகன் துண்டு போட்டு வருகிறான், நம்மைப் போல் பேசுகிறான், ஆகவே சந்தேகிக்கிறோம். உடுப்புப் போட்டவன் இங்கிலீஷ் பேசுகிறான். ஆகவே சந்தேகிக்கப் பயப்படுகிறோம். இதைத்தான் கும்பிடு புத்தி என்கிறோம்.

அந்தச் சந்தையிலிருந்தே மற்றொன்றும் கற்றுக்கொள்ளலாம். வாங்குகிறவனும் தரகனும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. பேங்கிலிருந்து செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி. என்னும் எண்ணும், பணம் அனுப்பும்போது நாம் தட்டுகிற பின் நம்பரும் அந்தத் துண்டுக்கு அடியில் இருக்கும் விரல்கள்தான். துண்டை விலக்கி ஊருக்குக் காட்டுகிறவன் சந்தையில் உண்டா? பேங்கு மானேஜர் கேட்டாலும் சரி, போலீஸ் கமிஷனர் கேட்டாலும் சரி, சொந்த மைத்துனன் கேட்டாலும் சரி, அந்த எண்ணைச் சொல்லுவதற்கு ஒரு காரணமும் கிடையாது. பேங்குக்கு அது தேவையானால் பேங்கே தெரிந்துகொள்ளும்; ஏனெனில் அனுப்பினதே பேங்குதான். கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவன் பேங்கு அல்ல என்பதற்கு அத்தாட்சி.

இனித் திருடர்களின் மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லுவோம். பல்லடத்துக்குப் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கும் நமது நண்பர் ஒருவருக்கு, "போன மாதக் கரண்டு பில் கட்டவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குப் பேசவும்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. தறி ஓட்டுகிறவனுக்குக் கரண்டு போகும் என்பதைவிடப் பெரிய பயம் ஏது? அவர் உடனே பேசினார். பேசினவன் வெகு மரியாதையாய், "ஐயா, இந்த ஆப்பை இறக்கிப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள், சரியாகிவிடும்" என்றான். அந்த ஆப்பு, அவருடைய செல்போன் திரையில் தெரிவதை அப்படியே திருடனுக்குக் காட்டுகிற ஆப்பு. பத்து ரூபாய் கட்ட அவர் தட்டின நம்பர்களை எல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து நிமிஷத்தில் கூலி கொடுக்க வைத்திருந்த பணம் பூராவும் போய்விட்டது. பில் கட்டின ரசீது அவருடைய மேஜை டிராயரிலேயே இருந்தது என்பதுதான் இதில் பரிதாபம். ரசீதை எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

இதைப் போன்றே "கல்யாணப் பத்திரிகை" என்றும், "போக்குவரத்து அபராதச் சீட்டு" என்றும், "பி.எம். கிசான் பட்டியல்" என்றும் பெயர் வைத்து வாட்சப்பில் வருகிற ஏ.பி.கே. என்னும் கோப்புகள் இருக்கின்றன. பத்திரிகை என்றால் படமாக வரும். தொட்டவுடன் "என்னை இந்தச் செல்போனில் நிறுவு" என்று கேட்காது. அப்படிக் கேட்டால் அது பத்திரிகை அல்ல, கன்னக்கோல். அதை உள்ளே விட்டவனுடைய குறுஞ்செய்திகளை எல்லாம் அது படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதவனும் இதனால் பறிகொடுப்பான். பழைய மோட்டாரையோ கட்டிலையோ விற்கப் போகிறவனுக்கு, "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று சொல்லுகிறவன் இன்னொருவன். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? உண்டியலில் காசு போடுகிறவன் சாவி கேட்பானா? செல்போனில் திடீரென்று நெட்வொர்க்கு அற்றுப்போய் மணிக்கணக்காக வராமலிருந்தால், உங்கள் நம்பருக்கு வேறொருவன் போலிக் காகிதம் கொடுத்துப் புதுச் சிம் வாங்கியிருக்கலாம். டவர் கோளாறு என்று படுத்துத் தூங்காமல் பக்கத்துச் செல்போனிலிருந்து கம்பெனிக்கும் பேங்குக்கும் கேட்பது நல்லது. பேங்கின் விலாசமும் பார்க்கத்தக்கது. இந்தியப் பேங்குகள் தங்கள் இணைய விலாசங்களை "பேங்கு டாட் இன்" என்று முடியும்படி 2025 அக்டோபர் 31ந் தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் பேங்கு உத்தரவிட்டது. வால் வேறாக இருந்தால் தொடாமலிருப்பதே புத்தி.

பயத்தினால் ஏமாறுகிறவர்களைப் பற்றிப் பரிதாபமாவது படலாம். பேராசையால் ஏமாறுகிறவர்களைப் பற்றி என்ன சொல்லுவது? 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதங்களில் டிஜிட்டல் அரெஸ்டில் போன பணம் 120 கோடி ரூபாய் என்றால், அதே நான்கு மாதங்களில் "ஷேர் டிரேடிங்" ஆப்புகளில் போன பணம் 1,420 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்காரின் சைபர் குற்றத் தடுப்பு நிலையம் கணக்குச் சொல்லிற்று. பயத்தைவிடப் பேராசைக்குப் பன்னிரண்டு பங்கு பலம் அதிகம் போலும்! ஒரு வாட்சப் கூட்டத்தில் சேர்க்கிறார்கள். அங்கே தினமும் பத்துப்பேர் "எனக்கு இன்று இருபதாயிரம் லாபம்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பத்துப்பேரும் திருடனுடைய ஆட்கள். முதல் ஐயாயிரத்துக்கு ஆறாயிரமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிறகு போட்டதெல்லாம் திரையில் மாத்திரம் வளருகிறது. எடுக்கப் போனால் "வரி கட்டு" என்கிறது.

கொங்கு நாட்டுக்கு இது புதிதா? திருப்பூரில் பாசி என்ற அன்னியச் செலாவணி வியாபாரக் கம்பெனி, இணையத்தில் வியாபாரம் செய்து லாபம் கொட்டுவதாகச் சொல்லி 2008, 2009ம் வருஷங்களில் சுமார் 930 கோடி ரூபாய் சுருட்டிற்று. கோயமுத்தூர் விசேஷக் கோர்ட்டு 2022 ஆகஸ்டில் அதன் டைரக்டர்களுக்கு 27 வருஷம் ஜெயில் விதித்தது. 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததையும் கண்ணால் பார்த்தோம். பனியன் தைத்து நூற்றுக்கு ஐந்து லாபம் வருவதற்கு எவ்வளவு பாடு என்று அறிந்த மனிதனே, சும்மா உட்கார்ந்திருந்தால் மாதம் பத்து வரும் என்று ஒருவன் சொன்னவுடன் கணக்கை மறந்துவிடுகிறான். அந்தப் பணத்தை யார் உழைத்துச் சம்பாதித்து இவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் போதாதா?

திருப்பூர், கோயமுத்தூர் வியாபாரிகளுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. சீமை வியாபாரிக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற சமயத்தில், திருடன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சல்களைப் படித்துக்கொண்டே இருக்கிறான். அதற்கு வழி, கம்பெனியில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு போலிப் பக்கத்தில் தம் பாஸ்வேர்டைத் தட்டினதுதான். பணம் அனுப்பும் நாள் வந்ததும், நம் விலாசத்தில் ஒரு எழுத்து மாத்திரம் மாற்றிய விலாசத்திலிருந்து, "எங்கள் பேங்குக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்த நம்பருக்கு அனுப்பவும்" என்று எழுதிவிடுகிறான். பில்லும் நம்முடையது போலவே இருக்கிறது. சரக்குப் போய்விட்டது, பணமும் போய்விட்டது. இதற்குப் பரிகாரம் வெகு சுலபம். கணக்கு நம்பர் மாறினதாக எவர் எழுதினாலும், அக்கடிதத்தில் உள்ள நம்பருக்கு அல்லாமல், நாம் முன்பே அறிந்த நம்பருக்குப் பேசி, குரலைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுவது. மின்னஞ்சலுக்குப் பாஸ்வேர்டோடு இரண்டாவது பூட்டு ஒன்றும் போட்டுக்கொள்ளுவது.

இதுவரை ஜனங்களின் தப்பிதத்தைச் சொன்னோம். பெரிய இடத்துக்காரர்களுடைய தப்பிதத்தைச் சொல்லாமல் விட்டால் அதுவும் கும்பிடு புத்திதான். 2018 பிப்ரவரியில் கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்கின் அன்னிய நாட்டுப் பணமாற்று ஏற்பாட்டிலேயே திருடர்கள் புகுந்து, துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் பெறுமான மூன்று உத்தரவுகளை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒன்று மாத்திரம் வழியில் தடுக்கப்பட்டது. 2019 அக்டோபர் 29ந் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்தார் எங்களுக்கு இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது என்றார்கள். மறுநாள் அவர்கள் மேலிடமாகிய அணுமின் கழகம், நிர்வாகக் காரியத்துக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் கெட்ட நிரல் புகுந்தது உண்மைதான் என்றும், உலையை நடத்தும் எந்திரங்கள் தனியே இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை என்றும் அறிக்கை விட்டது. 2017 மே மாதத்தில் 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்ட வானாக்ரை என்னும் நிரலுக்கு, இரண்டு மாதத்துக்கு முன்பே மைக்ரோசாப்டு கம்பெனி மருந்து வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரிதும் மாட்டிக்கொண்டார்கள். "நமக்கு வராது" என்கிற நம்பிக்கையும், "அம்மை வந்தால் மாரியாத்தா பார்த்துக்கொள்ளுவாள்" என்கிற நம்பிக்கையும் ஒரே ஜாதிதான். செல்போன் புதுப்பிக்கச் சொல்லும்போது புதுப்பிப்பதும், முக்கியமான கணக்குகளுக்கு இன்னொரு பிரதி தனியே வைப்பதும் அம்மை குத்திக்கொள்ளுவதற்குச் சமானமாகும்.

பேங்குகளை இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. "ஜாக்கிரதையாய் இருங்கள்" என்று தினமும் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள், சந்தோஷம். ஆனால் திருட்டுப் பணம் ஆகாயத்திலா போய் விழுகிறது? ஒரு கணக்குக்கு வந்து, அங்கிருந்து பத்துக் கணக்குக்குப் பிரிந்துதானே போகிறது? அந்தக் கணக்குகளைத் திறந்துகொடுத்தது யார்? மாதம் ஐயாயிரம் புரளாத கணக்கில் ஒரே மத்தியானம் ஐம்பது லட்சம் வந்து போகும்போது உங்கள் எந்திரம் தூங்குகிறதா? ரிசர்வ் பேங்கு 2017 ஜூலையில் போட்ட உத்தரவில், பேங்கின் குற்றத்தால் பணம் போனால் கணக்குக்காரனுக்கு நஷ்டமில்லை என்றும், பேங்கின் குற்றமும் கணக்குக்காரன் குற்றமும் இல்லாமல் மூன்றாவது இடத்தில் ஓட்டை ஏற்பட்டுப் போனால் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கிறவனுக்கும் நஷ்டமில்லை என்றும், குற்றம் கணக்குக்காரனுடையது என்று ருசுப்பிக்கும் பொறுப்புப் பேங்கினுடையதே என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தது. இந்தச் சங்கதி எத்தனை கிளைகளில் தமிழில் எழுதி ஒட்டப்பட்டது? நம்மவர்கள் அங்கேயும் "ஐயா, ஏதோ பார்த்துச் செய்யுங்கள்" என்று கும்பிட்டுவிட்டு வருகிறார்களே ஒழிய, "எழுத்து மூலம் பதில் கொடு" என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் உண்டா?

கணக்கு வாடகைக்கு விடுகிற வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயமுத்தூரிலோ காலேஜுகளுக்குக் குறைவில்லை. "உன் பேரில் ஒரு கணக்குத் திறந்து கார்டையும் சிம்மையும் கொடு, ஐயாயிரம் தருகிறோம்" என்று சொல்லுகிறவனுக்கு இணங்குகிற பையன், அந்த ஐயாயிரத்துக்குத் தன் பெயரை விற்றுவிடுகிறான். போலீசார் முதலில் வந்து நிற்கப்போவது அவன் வீட்டு வாசலில்தான். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து மோசடி செய்கிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயிலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அதற்குத் துணை போனவனையும் சட்டம் சும்மா விடாது. டெலிபோனில் மிரட்டுகிறவர்கள் எல்லோரும் இஷ்டப்பட்டு மிரட்டுகிறவர்களுமல்லர். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று தரகர்களை நம்பிப் போன நம் தமிழ் வாலிபர்களைப் பர்மாவில் மியாவடிப் பக்கம் அடைத்து வைத்து, அடித்து உதைத்து, இந்தத் திருட்டு வேலையைச் செய்யச் சொன்னார்கள். அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னைக்கு மீண்டு வந்து தங்கள் கதியைச் சொன்னார்கள். ஏமாற்றுகிறவனும் ஏமாந்தவனாயிருக்கிற இக்கொடுமைக்கு என்ன பெயர் சொல்லுவது?

இது ஒருபுறமிருக்க, நம் வீடுகளில் பெண்களை இவ்விஷயத்தில் வைத்திருக்கிற நிலையும் திருடனுக்கே உதவியாயிருக்கிறது. கணக்கு அவள் பெயரில் இருக்கும். மகளிர் குழுக் கடன் அவள் பெயரில் வரும். செல்போனும் கையில் இருக்கும். ஆனால் பின் நம்பர் போடுவது புருஷன். ஏதாவது கேட்டால் "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்பது பதில். கேள்வி கேட்கக் கூடாது என்றே பழக்கப்பட்ட ஒரு பெண், புருஷன் இல்லாத நேரத்தில் ஒரு மிரட்டல் வந்தால் யாரிடத்தில் கேள்வி கேட்பாள்? வீட்டில் உள்ள கிழவர், பெண்கள், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இத்திருட்டுக்களின் விவரத்தைச் சொல்லிக்கொடுப்பது ஆண்பிள்ளைகளுக்குக் கௌரவக் குறைவு ஆகிவிடாது. "சந்தேகமானால் டெலிபோனை வை, வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடு" என்ற ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். டெலிபோனை வைப்பது யாருக்கும் அவமரியாதை ஆகாது.

கடைசியாக வெட்கத்தைப் பற்றிச் சொல்லுவோம். மேலே சொன்ன பல்லடத்து நண்பர் பணம் போனதை ஆறு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. "ஏனுங்க, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று நாம் கேட்டதற்கு, "ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்களேங்க, நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பேசற ஆளு நானு" என்றார். அந்த ஆறு நாளில் பணம் நாலைந்து கணக்கு தாண்டிப் பறந்துவிட்டது. 1930 என்ற நம்பருக்கு உடனே பேசினால், போன பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்தக் கணக்கை முடக்கும் ஏற்பாடு 2021ம் வருஷம் முதல் நடந்துவருகிறது. அதன் மூலம் 2025 ஜூலைக்குள் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் திருடன் கைக்குப் போகாமல் நிறுத்தப்பட்டிருப்பதாக மத்திய சர்க்கார் சொல்லிற்று. முதல் ஒருமணி நேரத்தில் பேசுகிறவனுக்கு மீளும் வழி அதிகம். ஒரு நாள் கழிந்தால் குறைவு. ஆறு நாள் கழிந்தால் அநேகமாய் இல்லை. 1930க்குப் பேசிவிட்டு, பேங்குக்கு எழுதிக் கொடுத்து, சைபர் கிரைம் போலீசிலும் புகார் பதிந்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருட்டுக் கொடுத்தவன் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட வேண்டியவன் திருடன் அல்லவா? ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற ஊர், திருடனுக்குக் கூலியில்லாமல் காவல் காக்கிற ஊராகும். ஏமாந்தவன் தன் கதையை டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் சங்கக் கூட்டத்திலும் வாய் திறந்து சொல்லுவானானால், அதைக் கேட்ட நூறு பேர் தப்புவார்கள். நமது நண்பர் இப்போது சொல்லுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை தறிக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து முழுவதையும் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து தங்களுக்கும் நேர்ந்ததாகச் சொன்னார்கள்.

ஆகையால், தோழர்களே! இதற்கு மந்திரம் தந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. எவன் எந்த உடுப்பில் வந்து, எந்தப் பாஷையில் பேசினாலும், "நீ யார்? எந்தச் சட்டப்படி? ஏன் இவ்வளவு அவசரம்? ஏன் ரகசியம்?" என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த நான்குக்கும் நின்று பதில் சொல்லக்கூடிய திருடன் இன்னும் பிறக்கவில்லை. இக்கேள்விகளைச் செல்போனில் மாத்திரம் கேட்டு நிறுத்திவிடாமல், உங்களைப் பணியச் சொல்லுகிற எல்லா இடங்களிலும் கேட்டுப் பழகுவீர்களானால், செல்போனில் கேட்பது தானாகவே வந்துவிடும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.